ஆடிப் பதினெட்டும் மாட்டு வைத்தியப் புத்தகமும்

பழைய புத்தகம் வாங்கி விற்று ஒரு மனுசன் விருத்தாசலத்தில் பிழைக்க முடியும் என்று கோவிந்தராசு சொன்னபோது சிரிக்காத ஆள் ஊரில் இல்லை. பெண்டாட்டி அம்புஜவல்லியே சிரித்தாள்.

"படிக்கத் தெரிஞ்சவன் வைக்க வேண்டிய கடைய நீங்க வைக்கிறீங்களாக்கும்?"

மூணாங்கிளாசில் வாத்தியார் அடித்த அடிக்கு ஓடி வந்தவர்தான், இல்லை என்று யார் சொன்னது? எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒரு போஸ்ட் கார்டு எழுத ஒரு பொழுது ஆகும். அதனால் என்ன? மீன் விற்கிறவன் எல்லாம் நீந்தக் கற்றுக்கொண்டா விற்கிறான்?

பீங்கான் பட்டறையில் களிமண் கூடை தூக்கியவர் அவர். பிறகு அதே பட்டறையில் அச்சு வார்க்கும் இடத்தில் நாலு வருசம். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி எல்லாம் வைக்கோலும் பழைய காகிதமும் சுற்றித்தான் வெளியூர் போகும். அந்தக் காகிதத்தை நானே கொண்டுவந்து போடுகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். வேப்பூர், சேத்தியாத்தோப்பு என்று அலைந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். அறுபத்து நாலில் ஒருநாள், கப்பு வாங்க வந்த சிதம்பரத்து வாத்தியார் ஒருவர், கப்பை ஓரமாக வைத்துவிட்டு அதைச் சுற்றியிருந்த காகிதத்தை விலை கேட்டார். பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் வாத்தியாருக்குப் பித்து என்றார்கள். கோவிந்தராசு ஒருத்தர்தான் அன்றைக்கே வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டேஷன் போகிற ரோட்டில் கடை பார்த்தவர். புத்தி என்பது பள்ளிக்கூடத்திலா விற்கிறது?

ஆனால் இந்தத் தொழிலில் இவ்வளவு எரிச்சல் இருக்கும் என்று எவனும் அவருக்குச் சொல்லவில்லை.

முதல் எரிச்சல், வருகிற ஆட்கள். மளிகைக் கடைக்கு வருகிறவன் பருப்பைப் பார்த்தால் பருப்பை வாங்கிக்கொண்டு போகிறான். புத்தகக் கடைக்கு வருகிறவன் போவதே இல்லை. நின்றுகொண்டே பாதி படிப்பான். மூலையை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து மீதியப் பாக்கிறேன்" என்பான். ஒருத்தர் புத்தகத்தை எடுத்தால் முதலில் மோந்துதான் பார்ப்பார். இன்னொருத்தர் வாரா வாரம் வந்து, "புதுசா என்னா பழசு வந்திருக்குது?" என்று கேட்பார். ஒரு ரிட்டையர்டு தாசில்தார், தான் விற்ற புத்தகத்தையே ஆறு மாசம் கழித்து வந்து தேடுவார். கிடைத்துவிட்டால், "இதுல யாரு பென்சில்ல கோடு போட்டது?" என்று சண்டைக்கு வருவார். போட்டது அவரேதான்.

இரண்டாவது எரிச்சல், அவர்களுக்கு இவருடைய ஒழுங்கு புரியாதது. கோவிந்தராசு புத்தகங்களை எழுத்து வரிசையிலோ சங்கதி வரிசையிலோ வைக்கவில்லை. வீடு வரிசையில் வைத்திருந்தார். எந்த வீட்டில் வாங்கினாரோ அந்த வீட்டுப் புத்தகம் ஒரு கட்டு. கட்டைப் பிரித்து இன்னொரு கட்டோடு கலக்க விடமாட்டார். ஐநூறு புத்தகத்தின் பெயர் அவருக்கு மனசில் நிற்காது. எந்த வீட்டில் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்லுவார்.

"சோசிய புத்தகம் ஏதாச்சும் இருக்குதாங்க?"

"எந்த வூட்டுது வேணும்?"

"வூடா? எனக்கு சோசியம் வேணுங்க."

"அதான் கேக்கிறேன். வேப்பூரு கணக்குப்பிள்ளை வூட்டுலயும் சோசியம் இருக்குது, சேத்தியாத்தோப்பு நாட்டு வைத்தியரு வூட்டுலயும் இருக்குது. வைத்தியரு வூட்டுது சொன்னா பலிக்கும், கணக்குப்பிள்ளை வூட்டுது பலிக்கல. அவரு பொண்ணு கல்யாணமே நின்னு போச்சு."

வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். கோவிந்தராசுவும் இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்வார். படித்தவர்களுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று.

இந்த வீட்டு வரிசையின் அருமை தெரிந்த ஒரே ஆள் ஜெயராஜ் சார். புதுச்சேரியில் ஒரு காலேஜ் நூலகத்தில் வேலை. ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு நோட்டு. முதல் தடவை வந்தபோதே, "ஒரு வூட்டுப் புத்தகம் ஒண்ணா இருந்தா அந்த வூட்டு மனுசனையே பாத்த மாதிரி" என்று சொன்னவர். சென்னையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கடைக்கு வந்து காசை எடுத்து வைக்கிற ஆட்கள் எல்லாம் அவர் சொல்லி வந்தவர்கள்தான். அவர் வாய் மூடினால் இந்தக் கடைக்கு மோந்து பார்க்கிறவர்கள் மட்டும்தான் மிச்சம். பழையபடி பட்டறையில் போய்க் கூடை எடுக்க வேண்டியதுதான்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் கோவிந்தராசு இரண்டு தடவை பொய் எழுதிவிட்டார். பொய் என்று அவர் நினைத்து எழுதவில்லை. ஒரு புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது தன் கடையில் இருக்கிற மாதிரிதான் அவருக்கு. வாங்க நாலு நாள் ஆகும், அவ்வளவுதானே? "உள்ளது" என்று கார்டு எழுதிப் போட்டுவிடுவார். இரண்டு தடவையும் ஜெயராஜ் சார் ரயிலேறி வந்து வெறும் கையோடு திரும்பினார். இரண்டாவது தடவை போகும்போது சத்தம் போடாமல் சொன்னார்:

"கோவிந்தராசு, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் இந்தப் படி ஏற மாட்டேன். யாரையும் அனுப்பவும் மாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

அறுபத்தொன்பது ஆனியில் அவரிடமிருந்து கடுதாசி வந்தது. அம்புஜவல்லி எட்டாவது வரை படித்தவள். அவள்தான் வாசித்தாள். நூறு வருசத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அச்சடித்த ஒரு மாட்டு வைத்தியப் புத்தகம் வேண்டுமாம். பார்த்த இடத்தில் எல்லாம் கடைசி நாலு ஏடு இல்லையாம். அந்த நாலு ஏட்டில்தான் சினை மாட்டுக்கு மருந்து இருக்கிறது. மாடு வைத்திருந்தவர்கள் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள் போல. முழுசாக இருந்தால் எழுதவும் என்று இருந்தது.

முழுசாக இருந்தது. தெற்கு வீதி ராஜாம்பாள் வீட்டு மர பீரோவில், இரண்டாவது தட்டில், சிவப்பு அட்டை. பழைய பேப்பர் எடுக்கப் போனபோது கோவிந்தராசு கையிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு கார்டு எழுதினார். பெட்டியில் போட்ட பிறகுதான் அம்புஜவல்லிக்குத் தெரிந்தது.

"என்னான்னு எழுதினீங்க?"

"உள்ளதுன்னு."

"எங்க உள்ளது?"

"ஊருக்குள்ளதான உள்ளது!"

பதில் கார்டும் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் காலை ரயிலில் வருகிறாராம்.

ராஜாம்பாள் ஐம்பத்தைந்து வயசு, புருசன் இல்லாதவள். நாற்பது காணி நிலத்தை ஒற்றை ஆளாக நின்று பார்க்கிறவள். மாமனார் சேர்த்த பீரோ அது. அவளுக்குப் படிப்பு கிடையாது, ஆனால் வியாழக்கிழமைதோறும் பீரோவுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பாள். உள்ளே கரையான் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

"யம்மா, சும்மா கேக்கல. செவப்பு அட்டையோட எல்லாத்தையும் வெலைக்குக் குடுங்க" என்றார் கோவிந்தராசு.

"சரஸ்வதிய தராசுல வைக்கச் சொல்றியா?"

"தராசே வேணாம்மா. எண்ணி எடுத்துக்கிறேன்."

"எண்ணி வித்தா பாவம் கொறையுமா?"

"சரி, சும்மாவே குடுங்க. புண்ணியமாப் போவும்."

"சும்மா வாங்கிட்டுப் போயி நீ விப்ப. அந்தப் பாவம் குடுத்தவ தலையிலதான வந்து வுடியும்?"

"கரையான் திங்கிறது பாவமில்லையா?"

"அது வாயில்லா ஜீவன். அதுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமே."

ஒரு வாரத்தில் ஐந்து தடவை போனார். காலையில் போனால் கழனிக்குப் போய்விட்டாள். மத்தியானம் போனால் சாப்பிடு என்று இலை போட்டுவிட்டு, பேச்சை மட்டும் எடுக்க விடமாட்டாள். ஐந்தாவது தடவை மனுசனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப அத என்னாதான் பண்ணப் போறீங்க?"

"எம்மவன் நெய்வேலியிலேர்ந்து இரும்பு பீரோ அனுப்புறான். இது ஓட்டை பீரோ, ஒடச்சிடலாம்னு இருக்கிறேன். புத்தகத்த பதினெட்டாம் பெருக்கன்னிக்கு ஆத்துல வுட்டுடுவேன். எங்க மாமனாரு ஏட்டுச்சுவடியெல்லாம் அப்படித்தான் வுட்டாரு. ஆத்தோட போறதுக்கு பாவம் கெடையாது."

வீட்டுக்கு வந்து வயிற்றில் அடித்துக்கொண்டார் கோவிந்தராசு. "ஆத்துல போட்டா பாவமில்லையாம், என்கிட்ட குடுத்தா பாவமாம்! ஆறு என்னா படிக்கப் போவுதா?" அம்புஜவல்லி புளி கரைத்துக்கொண்டே, "அந்தக் கார்டு எழுதாம இருந்திருக்கலாம்" என்றாள். உலகத்தில் சரியான பேச்சைத் தப்பான நேரத்தில் பேசுவதற்கென்றே பெண்டாட்டிகளைப் படைத்திருக்கிறான் கடவுள்.

ஆனால் யோசனை வந்தது. வராமல் இருக்குமா? ஆற்றில் விடுவது மேலே. எடுப்பது கீழே. விட்டவளுக்கும் பாவமில்லை, எடுத்தவனுக்கும் பாவமில்லை.

அந்த வருசம் மலைப்பக்கம் மழை பெய்து மணிமுத்தாற்றில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. பதினெட்டாம் பெருக்கு காலையில் ஊரே ஆற்றில் இருந்தது. புதுப் பெண் மாப்பிள்ளை கல்யாண மாலையை விட்டார்கள். பெண்கள் வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி விட்டார்கள். ராஜாம்பாள் படித்துறையில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, கோவிந்தராசு நூறு கெஜம் கீழே போய், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு மீன்வலையைக் குறுக்கே பிடித்து நின்றார். வலை, பட்டறையில் கூட வேலை பார்த்த பக்கிரியுடையது. வலையின் அந்த முனையை அவனே பிடித்திருந்தான்.

"என்னா கோவிந்தராசு, கெளுத்தி மாட்டுதா?" என்று கரையில் ஒருத்தன் கத்தினான்.

"ஒன்ன மாதிரி ஒண்ணு மாட்டுச்சு. தூக்கி வுட்டுட்டேன்."

அம்புஜவல்லி சித்திரான்னத் தூக்கோடு கரையில் வந்து நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஊரே சாமி கும்புடுது. நீங்க சாமி வர்ற வழியில வலை கட்டுறீங்க."

முதலில் பூ வந்தது. பிறகு கற்பூரம். பிறகு கருகமணியும் காதோலையும். ஒரு கல்யாண மாலை வந்து வலையில் சிக்கி, அந்த மாப்பிள்ளையே ஓடி வந்து எடுத்து மறுபடி விட்டுவிட்டு முறைத்துக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு புத்தகம் வரவில்லை.

"ஏன்டா பக்கிரி, அந்தம்மா வுடலையா?"

"வுட்டுக்கிட்டுத்தான் இருக்குது. கைய கைய தூக்குது பாரு."

"அப்ப ஏன்டா வரல?"

பக்கிரி தலையைச் சொறிந்தான். "ஏட்டுச்சுவடி மெதக்கும். காயிதம் மெதக்குமாண்ணே?"

கோவிந்தராசு வலையை அப்படியே போட்டார். அஞ்சு வருசமாகப் புத்தகம் தூக்கித் தூக்கித் தோள் காய்ச்சுப்போனவர், அச்சடித்த புத்தகம் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடும் என்று யோசிக்கவில்லை! சுவடியைப் பற்றி அந்தம்மா சொன்னதை நம்பி, கெட்டிக்காரன் நடு ஆற்றில் வலை பிடித்து நின்றிருக்கிறான்! தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடினார்.

ராஜாம்பாள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் மாமனாருடைய பீரோ மொத்தமும் செங்கல் அடுக்கின மாதிரி தண்ணீருக்குள் கிடந்தது. வேலைக்காரி ஆராயி கடைசிப் புத்தகத்தைக் கூடையிலிருந்து எடுத்துக்கொடுக்க, அதையும் அந்தம்மா ஓட்டத்தில் விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று அவள் கால் மேலேயே வந்து உட்கார்ந்தது. இவரைப் பார்த்ததும் இவரைவிட அவளுக்குத்தான் எரிச்சல்.

"போவ மாட்டேங்குதுப்பா! காலையிலேர்ந்து வுடுறேன், எல்லாம் இங்கியே கெடக்குது. நீ கொஞ்சம் தள்ளிவுடு."

"தள்ளிவுட்டா நாலு அடி அந்தாண்ட போயி ஒக்காரும். அது என்னா வாத்தாம்மா, நீந்திக்கிட்டுப் போறதுக்கு?"

"பின்ன இத்த என்னா பண்றது?"

"அய்யோ, அததான் ஒரு வாரமா ஒங்ககிட்ட சொல்லிச் சொல்லி என் தொண்டையே போச்சு!"

ராஜாம்பாள் தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வுட்டாச்சு. வுட்டத திரும்பிப் பாக்கக் கூடாது. ஆராயி, கூடைய எடு."

படியேறிவிட்டாள். நாலு படி ஏறி நின்றாள். திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"செவப்பு அட்ட அடியில கெடக்குது. மேல இருக்கிறத ஒண்ணொண்ணா எடு. அவசரப்பட்டு இழுத்துக் கிழிச்சிப்புடாத."

எடுத்தார். முப்பத்தோரு புத்தகம். ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்க்க, பக்கிரி வலையையே மூட்டையாக்கி அதில் அடுக்கினான். சிவப்பு அட்டை முழுசாக இருந்தது, கடைசி நாலு ஏட்டோடு. ஆனால் பிழிந்தால் அரைப்படி தண்ணீர் வரும். மறுநாள் காலையில் ஜெயராஜ் சார்.

வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி நெளியும். அடுப்புப் பக்கம் வைத்தால் பொடியும். "தலையணைக்கு அடியில வைங்க" என்றாள் அம்புஜவல்லி. கோவிந்தராசு அதற்குள் எழுந்துவிட்டார். புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே பீங்கான் பட்டறைக்கு நடந்தார். கப்பு செய்கிறவர்கள் கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். காய்ந்த பிளாஸ்டருக்கு அப்படி ஒரு தாகம். மண்ணில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், கப்பு மட்டும் கெட்டியாக நிற்கும். நாலு வருசம் அந்த அச்சோடு புரண்டவருக்கு இது தெரியாதா? பண்டிகை என்று பட்டறை பூட்டியிருந்தது. சாவி பக்கிரியிடம். ஓரத்தில் சாய்த்திருந்த தட்டையான பிளாஸ்டர் பலகைகளைத் துடைத்து, மெல்லிய துணி விரித்து, நாலு நாலு ஏடாக நடுவில் வைத்து அமுக்கினார். பலகை நனைந்ததும் வேறு பலகை. பொழுது சாய்வதற்குள் காகிதம் காகிதமாகிவிட்டது. கல்லூரி வாத்தியார் பத்துப் பேர் சேர்ந்தாலும் இந்த யோசனை வருமா?

மறுநாள் ஜெயராஜ் சார் வந்தார். கடையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தார். புத்தகத்தை எடுத்தார். முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை ஒன்றொன்றாகப் புரட்டினார். கடைசி நாலு ஏட்டைப் பார்த்ததும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மன்னிச்சுக்குங்க கோவிந்தராசு. ரயிலு ஏறும்போதுகூட நம்பல. இல்லாதத இருக்குதுன்னு எழுதுற ஆளுன்னு ஒங்கள நெனச்சிட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு விலையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் களிமண் கூடையிலிருந்து எழுந்து வந்த மனுசனுக்கு, சும்மா கிடைக்கிற நல்ல பேர் தொண்டையில் முள்ளு மாதிரி குத்தியது.

"நீங்க நெனச்சது சரிதான் சார்."

"என்னா?"

"கார்டு எழுதினப்ப இது என்கிட்ட இல்ல. தெற்கு வீதி அம்மா பீரோவுல இருந்துச்சு. நேத்து காலையில ஆத்துக்குள்ள கெடந்துச்சு. மத்தியானந்தான் என் கைக்கு வந்துச்சு. இது மூணாவது வாட்டி. படி ஏற மாட்டேன்னு சொன்னீங்க இல்ல, ஏறாதீங்க. இதப் பாத்துட்டாச்சும் போங்க."

ஜெயராஜ் சார் புத்தகத்தை மடியில் வைத்தார். ரோட்டில் ஒரு ஜட்கா போய்விட்டது, இன்னொரு ஜட்காவும் போய்விட்டது. பிறகு ஓர் ஏட்டை விரலால் தடவினார்.

"நேத்து தண்ணியில கெடந்ததா இது?"

"பொய் சொல்றதா இருந்தா இத சொல்லுவனா?"

"ஈரத்த எப்படி எடுத்தீங்க?"

கோவிந்தராசு சொன்னார். பலகை, துணி, நாலு நாலு ஏடு, எப்போது மாற்றுவது, எவ்வளவு அமுக்குவது. சொல்லி நிமிர்ந்தால், அந்த மனிதர் பையிலிருந்து காசை எடுக்கவில்லை. நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார்!

"என்னா கனமிருக்கும் பலகை?"

"ரெண்டு விரக்கடை. சார், புத்தகம் வேணுமா வேணாமா?"

"துணி கோடித் துணியா, பழசா?"

"பழசு. தொவச்சது. சார்!"

"இருங்க, எழுதிக்கிறேன்."

எழுதி முடித்து, நோட்டை மூடி, பேனாவை மூடி, அதற்குப் பிறகுதான் விலை கேட்டார். வாரம் முழுக்க மனசில் ஏற்றி ஏற்றி வைத்திருந்த விலையைக் கோவிந்தராசு சொன்னார். ஜெயராஜ் சார் மறுபேச்சு பேசாமல் எடுத்து வைத்தார். போச்சு. மறுபேச்சு பேசவில்லை என்றால் குறைத்துச் சொல்லிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? ஈரத்தோடு மிச்சமிருந்த முப்பதையும் இதே மாதிரி காய வைத்து, ராஜாம்பாள் வீடு என்று ஒரே கட்டாகக் கட்டி வைக்கச் சொன்னார், தஞ்சாவூரிலிருந்து ஆள் அனுப்புவாராம். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"இனிமே கையில இருந்தா உள்ளதுன்னு எழுதுங்க. இல்லன்னா, இன்னார் வூட்டுல இருக்குது, கேட்டுக்கிட்டிருக்கிறேன்னு எழுதுங்க. அதுக்கும் வருவேன்."

"அத்தினி எழுத்து எழுத எனக்கு ரெண்டு நாளாவும் சார்."

"ஆவட்டும். ரெண்டு நாளு கழிச்சே வரேன்."

ஆவணி பாதியில் ஸ்டேஷன் பார்சல் ஆபீசிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்து இறங்கியது. புதுச்சேரியில் யாரோ ஒருவர் வீட்டில் ஓடு ஒழுகி நனைந்த புத்தகங்கள், நாற்பது இருக்கும். கூட ஒரு கடுதாசி. அம்புஜவல்லி வாசித்தாள்.

"எல்லாத்தையும் காய வச்சு அனுப்பணுமாம். கூலி நீங்களே சொல்லுங்கன்னு எழுதியிருக்காரு. தஞ்சாவூரிலயும் ஒருத்தரு வச்சிருக்காராம், அனுப்பட்டுமான்னு கேக்குறாரு."

"நான் புத்தகம் விக்கிறவனா, ஊரு ஒலகத்து ஈரத்த ஒணத்துறவனா? எங்க ஒழுவினாலும் என் தலையிலதான் வந்து வுடியணுமா?" மூட்டையை உதைக்கப் போனவர், உள்ளே இருப்பது புத்தகம் என்பதால் காலை இழுத்துக்கொண்டார். "அந்த ஆளுக்கு முதல்ல ஒரு கார்டு எழுது. எந்தெந்த புத்தகம் எந்த வூட்டுதுன்னு சீட்டு வச்சு கட்டியிருக்கணுமா இல்லையா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கி அனுப்பியிருக்கான் பாரு, படிச்சவன்!"

சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கிரியிடம் பிளாஸ்டர் பலகைக்குப் போனார்.